நள்ளிரவில் நண்பகல்

டிசம்பரில் தார்த்து நகரத்துக்குச் சூரியன்
ஆறு மணி நேர விருந்தாளி.
காலணியைக்கூடக் கழற்றாமல்
ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போய்விடும்.

எங்கள் வீட்டில் மட்டும்,
முன்பு பேக்கரியாக இருந்த அறையில்,
நாள் தவறாமல் பத்து மணி நேரம் தங்கும்.
மூன்று ஹாலைடு விளக்குகள்,
ஒவ்வொன்றும் நானூறு வாட்.
கீழே இரண்டாயிரம் லிட்டர் உப்புத் தண்ணீர்.
அதில் கடலையே பார்த்திராத பவளங்கள்,
யார் யாரோ வெட்டிக் கொடுத்த கிளைகள்.
ஒன்று ரீகாவிலிருந்து
தெர்மாஸ் குடுவையில் பஸ் ஏறி வந்தது.

விளக்கு தண்ணீரைச் சுடவைக்கும்.
சுட்டதை ஆற்ற ஒரு குளிரூட்டி.
குளிரூட்டி கக்கும் சூட்டில்,
வெளியே பனி கொட்டக் கொட்ட,
நாங்கள் பனியனோடு உட்கார்ந்திருப்போம்.
முட்டாள்தனம்தான்.
சுகமான முட்டாள்தனம்.

ஜனவரி பில் வந்தது.
ஹெல்வி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லாததை
ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

தாவரவியல் துறை தொய்வோவிடம்
ஒளிமானி இரவல் வாங்கினேன்.
முழங்கை வரை நனைந்து
மணலில் அளந்தேன், பாறை முகட்டில் அளந்தேன்,
நிழல் விழும் குகை வாயிலில் அளந்தேன்.
வாட் என்பது விளக்கு தின்கிற சோறு.
பவளத்துக்கு அது பரிமாறுவது வேறு கணக்கு.

மலிவான எல்ஈடி ஒன்று பார்த்தேன்.
கண்ணுக்குத் திருவிழா,
பவளத்துக்குப் பட்டினி.
இன்னொன்றில் நீலம் தாராளம்,
ஆனால் ஒவ்வொரு மீனுக்கும்
சிவப்பில் ஒன்று பச்சையில் ஒன்றென்று
இரண்டு நிழல்.
மூன்றாவது சரியாக இருந்தது.
விலையைப் பார்த்துவிட்டுக்
கடைக்கு வெளியே போய் நின்றேன்.
மோட்டார் சைக்கிளை விற்றேன்.

முப்பது சதவீதத்தில் தொடங்கு,
வாரத்துக்கு ஐந்து ஏற்று என்றார் தொய்வோ.
தலையாட்டினேன்.
ஒன்பதாம் நாளே எண்பதில் வைத்தேன்.

ரீகாக்காரி வெளுத்துப்போனாள்.
தோலுக்குள் குடியிருந்த பாசியைத்
துரத்திவிட்டு
எலும்பு தெரிய நின்றாள்.
ஹெல்விதான் கையை விட்டு
அவளைப் பாறை நிழலுக்கு இறக்கினாள்.
அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

குளிரூட்டியைக் கழற்றினோம்.
பில் பாதிக்கும் கீழே போனது.
அறையும் குளிர்ந்துபோனது.
இப்போது தண்ணீருக்கு ஒரு ஹீட்டர்,
எனக்கு இரண்டு ஸ்வெட்டர்.
லாபம்தான், ஆனால்
பனியன் போட்ட அந்த மாலைகளை
எந்த வரியில் எழுதிக் கழிப்பது?

இங்கே மின்சாரத்துக்கு
மணிக்கொரு விலை.
சாயங்காலம் எல்லோரும் அடுப்பு மூட்டும்போது
கொதிக்கும்.
ஊர் தூங்கி, காற்றாலைகள் மட்டும் விழித்திருக்கையில்
சும்மா கிடக்கும்.
அந்தப் பட்டியலின் ஓரத்தில்
ஹெல்வி பென்சிலால் எழுதியிருந்தாள்:
"பவளத்துக்கு மணி பார்க்கத் தெரியுமா?"

தெரியாது.
நாளுக்கு அரை மணியாக
அவற்றின் பகலை நகர்த்தினோம்.
இப்போது இரவு எட்டுக்கு விடியும்.
ஒன்றே காலுக்கு உச்சிவெயில்.
குடித்துவிட்டு வீடு திரும்பும் மாணவர்கள்
எங்கள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்
கொஞ்ச நேரம் பேச்சை மறக்கிறார்கள்.

பால் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
ஒன்றரைக்கு வருகிறாள் ஹெல்வி,
கழுத்துத் துண்டில் பனியோடு.
வெளியே மைனஸ் பதினேழு.
தொட்டி முன்னால் உட்கார்ந்து
கறுப்பு ரொட்டியைக் கடிக்கிறாள்.
அவள் வாய் அசைவதைப் பார்த்து
மீன்கள் சாப்பாட்டு நேரமென்று
கண்ணாடிக்கு ஓடி வருகின்றன.

நேற்று ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு
பாறை நிழலையே உற்றுப் பார்த்தாள்.
"ரீகாக்காரிக்கு நுனியில்
பழுப்பு திரும்பியிருக்கா, பாரேன்."

டார்ச் எடுக்க எழுந்தேன்.

"அது எதுக்கு?" என்றாள்.
"பகல்தானே."