அரை மாத்திரை

தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரியில்
மூன்று ஆடுகளுக்கும் ஒரு சேவலுக்கும் பிறகு
எங்கள் முறை வந்தது.
காய்கறிக் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு
டாக்டர் பேர் கேட்டார்.
கருப்பட்டி என்றேன்.
அவர் எழுதி முடிக்கையில் மனசு கேட்காமல்
சுவருக்கு அங்கிட்டு பீட்டர் என்றும் சொன்னேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.
மூச்சு இழுப்புக்கு அரை மாத்திரை,
காலையும் ராத்திரியும், பத்து நாள்.

செல்லூரில் எங்கள் வீட்டை
ஒரு ஹாலோ பிளாக் சுவர் ரெண்டாக்கியிருக்கிறது.
எழுப்பியது கொழுந்தன்.
கேஸ் போட்டது என் வீட்டுக்காரர்.
நாலு வருஷமாக வாய்தா.
கிணறு அவர்களுக்கு, முருங்கை எங்களுக்கு.
பூனையைப் பற்றி
எந்த வக்கீலும் எழுதவில்லை.

அயிரை மீனைப் பிசைந்து
நடுவில் வைத்து உருட்டினேன்.
மீன் போயிற்று.
மாத்திரை கழுவி வைத்ததுபோலத் தட்டில் கிடந்தது.
பாலாடையில் பொதிந்தேன். தயிர்ச்சோற்றில் பொடித்தேன்.
கசப்பு
நாக்குக்கு முன்னே மீசைக்குத் தெரிந்துவிடுகிறது.
மடியில் இடுக்கி வாயைத் திறக்கப் போனதில்
முழங்கை வரை நாலு சிவப்புக் கோடு.
அதற்குக் கால் நாலு, எனக்குக் கை ரெண்டு,
கணக்கு உதைத்தது.

நான் கத்திய கத்தலில்
சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்து மறைந்தது.
போதுமணி. என் ஓரகத்தி.
பொங்கலன்றுகூட முகம் கொடுக்காதவள்
தெருவைச் சுற்றிக்கொண்டு
தோளில் ஒரு பழைய துண்டோடு உள்ளே வந்தாள்.
பேசவில்லை.
துண்டை விரித்துப் பூனையை வைத்துச் சுருட்டினாள்,
தலை மட்டும் வெளியே.
கடைவாயில் விரல் கொடுத்து நான் திறந்தேன்.
"ம்" என்றாள்.
போட்டேன்.
தாடையை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுத்து
"ம்" என்றாள்.
விட்டோம்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று
ஏழாப்பில் செல்வமேரி டீச்சர்
விரலைப் பாதி சொடுக்கிக் காட்டியது ஞாபகம் வந்தது.
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.
அதுவும்
காலையும் ராத்திரியும்.

நாலாம் நாள்
"நகத்த வெட்டி விடணும்" என்றாள்,
என்னிடமா பூனையிடமா தெரியவில்லை.
ஆறாம் நாள் பருத்திப்பால் வண்டி வந்தது.
ரெண்டு டம்ளர் வாங்கினேன்.
அவளுடையது ஏடு கட்டிக் கிடந்தது.
எட்டாம் நாள் வாய்தா.
அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில்
ரெண்டு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போன பிறகு வந்தாள்.
கண் வீங்கியிருந்தது.
"ராத்திரி பூரா எங்க ஆளு ஒரே சத்தம்."
"என்னத்துக்கு?"
"இங்க வர்றதுக்குத்தான்.
பிடிங்க, நழுவுது."

இழுப்பு நின்றுவிட்டது.
முருங்கையில் அணில் விரட்டுகிறது.

பத்தாம் நாள் ராத்திரி
கேஸ் தீர்ந்து சிலிண்டரை நகர்த்தினால்
பின்னால் ஏழு அரை மாத்திரைகள்.
ஓரம் கரைந்து, முடி ஒட்டி,
பிறை பிறையாக.
கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து
நாங்கள் கை கழுவப் போன நேரத்தில்
ஒவ்வொன்றாகத் துப்பியிருக்கிறது, திருட்டுப் பயல்.
பெருக்கி அள்ளி
முறத்திலேயே வைத்திருந்தேன்.
தூக்கம் வரவில்லை.

விடிந்தால் பதினோராம் நாள்.
துண்டோடு வாசலில் நிற்கிறாள்.
எப்படிச் சொல்வது என்று வாயெடுப்பதற்குள்
முறத்தைப் பார்த்துவிட்டாள்.
"அங்கிட்டு ஒம்பது கெடக்கு.
கெணத்தடியில.
மூணாம் நாளே பாத்துட்டேன்."
சொல்லிவிட்டு
துண்டை உதறித் தரையில் விரித்தாள்.

அட்டையில் மாத்திரை இல்லை.
அடுப்பில் பால் பொங்குகிற வாசம்.
சுவரின் மேல் வெயில் பார்த்து உட்கார்ந்து
பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது அது.
நான் பீட்டர் என்று கூப்பிட்டேன்.
அவள் கருப்பட்டி என்றாள்.
எதற்கும் இறங்கவில்லை.