இருசக்கர வாகனம் கட்டாயம்

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜபருல்லா அண்ணன் கடையில்
ஒரு பக்கம் அடிக்க முப்பது ரூபாய்,
திருத்தம் ஒன்றுக்கு ஐந்து.
அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன்,
கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில்.

பெயர் மு. சூரியகலா.
பி.எஸ்சி., அறுபத்தெட்டு சதவீதம்.
நடுவில் ஓர் அரியர் இருந்தது,
அதை யாரும் கேட்கப்போவதில்லை.

"குறிக்கோள்னு ஒண்ணு போடணும்மா" என்றார்.
கணினிக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது.
எனக்கு முன்னால் வந்த பையனுடையது,
அவனுக்கும் முன்னால் யாருடையதோ.
நிறுவனத்தின் வளர்ச்சியில் என் வளர்ச்சியைக் காண்பது.
இருக்கட்டும்ணே என்றேன்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில்
அந்தப் பையன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான்.
அவனை வெளியேற்ற ஐந்து ரூபாய்.
மன்னார்குடிக்குப் போகவர பஸ் காசை
மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.
அன்றிலிருந்து நானும் ஆடுகிறேன்.

முன்அனுபவம்.
அங்கே வந்ததும் கோடு மட்டும்
விட்டு விட்டு மின்னியது.
அண்ணன் டீயைக் குடித்து முடித்தார்.
இல்லைன்னு போட்டுடுங்க.

நெல் கொள்முதல் நிலையத்துச் சுவரில்
ஒட்டியிருந்த தாளில் பார்த்த வேலை:
மகளிர் குழுக் கடன், கள அலுவலர்,
பதினாலாயிரம், பெட்ரோல் தனி,
இருசக்கர வாகனம் கட்டாயம்.
எங்கள் குழுத் தலைவி மங்களேஸ்வரி அக்காவின் ஸ்கூட்டியில்
முள்ளியாற்றுக் கரையோரம் நான்கு நாள் பழகினேன்.
அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டத்திடம்
வண்டியை நிறுத்தி
என்னைப் பற்றிச் சொன்னேன்.
கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம்.
எந்தக் கண்ணை?
ஆயிரம் வாத்து, அத்தனையும் ஒரே பக்கம் திரும்பி
வாய்க்காலில் இறங்கிவிட்டன.

மன்னார்குடியில் உரக்கடைக்கு மேல் மாடி.
படியெல்லாம் யூரியா வாசனை.
ஏழு பேர், ஏழு கண்ணாடி ஃபைல்,
ஒருத்தி ஊக்கைக் கழற்றிக் கழற்றிக் குத்திக்கொண்டிருந்தாள்.

மேலாளர் தாளைப் புரட்டவேயில்லை.
"தவணை கட்டாத வீட்டுக்குப் போறீங்க.
அம்மா இல்லைன்னு ஒரு பொண்ணு வந்து நிக்குது.
என்ன பண்ணுவீங்க?"

சார், அந்தப் பொண்ணு
ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நிற்கிறது.
செவ்வாய்க்கிழமை தோறும்
முதல் மணிக்குப் பள்ளிக்கூடம் போனதில்லை.
அம்மா நடவுக்குப் போயிருக்கு,
அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு,
மாமா வீட்டில் காதுகுத்து.
வசூலுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.
செல்லுக்குச் சார்ஜ் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.
விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தார்.
தெருவில் மற்ற ஒன்பது பொம்பளைகள்,
நடுவில் மங்களேஸ்வரி அக்கா,
உங்க ஆத்தாளுக்கு நாங்க கட்டணுமாடி என்று.
கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால்
இருமலை அடக்கிக்கொண்டு அம்மா.

இதில் ஒன்றையும் சொல்லவில்லை.
"வாசலில் செருப்பைப் பார்ப்பேன் சார்" என்றேன்.
"கொடியில் ஈரப் புடவை காயுதா பார்ப்பேன்.
கொல்லைப் பக்கம் போய் நிற்பேன்."

அவர் நிமிர்ந்தார்.
முன்அனுபவம் இல்லை என்ற வரியின் கீழே
பேனாவால் ஒரு கோடு போட்டார்.
"திங்கக்கிழமை வந்துடுங்க.
லைன் அங்கேதான், உங்க ஊர்ப் பக்கம்."

கடைசிப் பேருந்தில்
கடைமடை வாய்க்கால்கள் இருட்டில் போயின.
தண்ணீர் வந்திருந்ததா என்று தெரியவில்லை.

அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.
என்னடி கேட்டாங்க?

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டாங்க.
பேட்டிங்கா பௌலிங்கான்னு.

நீ என்ன சொன்னே?

ரெண்டும்னேன்.