ஏற்றுவதா இழுப்பதா

டெல்மர் தன் பிக்கப்பையும் தட்டு ட்ரெய்லரையும்
இரண்டு வாரத்துக்குத் தருகிறேன் என்றான்.
சாவியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டே போனான்.
பைக்கைப் பலகை வழியே ஏற்று,
நான்கு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கு.
ஏசி, காபி, கால் நீட்டிக்கொள்ள இடம்.
மலையடிவாரம்வரை நானூறு மைல்
தெரியாமலே போய்விடும்.

தெரியாமல் போவதற்கா போகிறோம்
என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறேன்,
கட்டுண்டு போகும் பைக்குகளை.
வைத்தியத்துக்குப் போகும் மாடுபோல
வந்த வழியைப் பார்த்துக்கொண்டு.
போய்ச் சேர்ந்தபின் கண்ணாடியில்
ஒரு பூச்சிகூட ஒட்டியிருக்காது.
ஓடம் வண்டியில் ஏறும் நாள் வரும்தான்.
ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதேவா?

கராஜில் இன்னொரு யோசனை கிடந்தது.
போன கோடையில் ஏலத்தில் எடுத்த குட்டி ட்ரெய்லர்.
இரண்டு சக்கரம், மூடியுள்ள பெட்டி,
யாரோ மிச்சப் பெயிண்டில் அடித்த பச்சை.
பைக்கின் பின்னால் மாட்டினால்
கூடாரம், அடுப்பு, வெர்லின் தூங்க வேண்டிய
மூச்சு இயந்திரம் எல்லாம் அதில் அடங்கும்.

வெர்லின் இரண்டு பக்கமும் பேசினான்.
காலையில் பிக்கப், மாலையில் கொக்கி.
பின்னால் எடை கூடினால் முன்சக்கரம் மிதக்கும் என்றான்.
நீ நின்றாலும் அது வந்துகொண்டே இருக்கும் என்றான்.
யாரிடம் சொல்கிறான்!
இருபத்திரண்டு குளிர்காலம்
டிக்கின்சன் பள்ளிப் பேருந்தைப் பனியில் ஓட்டியவளிடம்.

ஆமாம், ஓட்டுவது நான்.
அவன் முழங்காலை மாற்றியதிலிருந்து அப்படித்தான்.
பார்த்துச் சிரித்தவர்களும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை, குளியலறைத் தராசைக் கராஜுக்குக் கொண்டுவந்தோம்.
ட்ரெய்லரின் கொக்கி முனையை அதில் இறக்கினால்
ஐம்பத்தொன்று. அதிகம்.
இரும்புச் சட்டியை வெளியே எடுத்தேன்.
தண்ணீர் கேனை அச்சுக்குப் பின்னால் தள்ளினேன்.
முப்பது.

பைக் தாங்குவது நானூறு பவுண்டு என்கிறது கையேடு.
பக்கப் பைகள், ஹெல்மெட், தோல் சட்டைகள் முப்பத்தைந்து.
நான் நூற்று ஐம்பத்திரண்டு, பூட்ஸோடு.
வெர்லினுக்கு இருநூற்றுப் பத்து என்று
கேட்காமலே எழுதினேன்.
கல்யாணத்திலிருந்து அதுதானே.
கணக்கு இடித்தது. இருபத்தேழு அதிகம்.

சரி, பிக்கப்தான் என்று
பென்சிலைக் காதில் செருகினேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினான்.
முள் நூற்று எழுபத்தொன்றில் ஆடி நின்றது.

பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புதுத் துளைகள்
அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

"எப்போதிருந்து?"
"ஈஸ்டரிலிருந்து."
"டாக்டர்?"
"தேதி வாங்கியிருக்கிறேன். போய் வந்த பிறகு."
அப்புறம், நான் எழுதிய அட்டையைத் தட்டி,
"இப்போது சரியாக வருகிறது பார், ஆர்லிஸ்.
பன்னிரண்டு பவுண்டு கையில் நிற்கிறது.
சட்டியையும் எடுத்துக்கொள்."

சட்டியை எடுக்கவில்லை.
சாவியை டெல்மரின் தபால்பெட்டியில் போட்டேன்.
செய்தது சரியென்று இன்றும் சொல்லமாட்டேன்.

கிளெண்டைவில், யெல்லோஸ்டோன் ஆற்றுப் பாலத்தில்
காற்று இடப்பக்கமிருந்து இறங்கியது.
ட்ரெய்லர் ஒருதரம் விலகி, திரும்பி,
என்னைப் பின்னுக்கு இழுத்தது,
கடைவீதியில் எதையோ பார்த்துவிட்ட பிள்ளைபோல.
வேகத்தை ஐம்பதுக்கு இறக்கினேன்.
லாரிகள் ஹாரனால் திட்டிக்கொண்டு கடந்தன.
கண்ணாடி முழுக்கப் பூச்சி.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு.
தோளில் ஒரு தட்டு என்றால், போகலாம்.
இரண்டு என்றால், நிறுத்து.

ஒரு தட்டு.

அடுத்தது வருமா என்று
முதுகையே காதாக்கி
ஒரு மைல் ஓட்டினேன்.