அடுத்த படகு

பராகுவே ஆற்றங்கரையில் எங்கள் நீதிமன்றத்துக்கு
இரண்டு மின்விசிறி.
ஒன்று நீதிபதிக்கு.
மற்றது சுற்றாது.

நான் நிகனோரா, தட்டச்சுக்காரி.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் சொன்னதை மட்டும் சொல்கிற விரல்கள்.
இயந்திரம் என்னைவிடக் கிழடு.
அதில் ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டுச் சற்று மேலே குதிக்கும்.
குதித்த எழுத்தைப் பார்த்தால்
ஊருக்கே தெரியும், நான் அடித்தது என்று.

அந்த வழக்கில்
இறந்தவர்கள் பதினொருவர் என்று அடித்தேன்.
‘இறந்ததாகக் கூறப்படுபவர்கள்’
திருத்தச் சொன்னார் வழக்கறிஞர்.
மூன்று உடல்கள் கிடைக்கவில்லையாம்.
ஆறு திருப்பித் தராதவரை
சட்டத்தின் கணக்கில் அவர்கள்
இன்னும் அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

படகு முதலாளி தோன் ஃபெர்மின் ஒர்தெயாதோ
கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில் வந்தார்.
அடித்தட்டைச் சோதித்ததாக ஒரு சான்றிதழ்.
முத்திரை சரி.
கையெழுத்து சரி.
தேதியை அடித்தது நான்.
அது புனித வெள்ளி.

அன்று எங்கள் ஊரில்
அடுப்பு மூட்டுவதே பாவம்.
புதன்கிழமை சுட்டு வைத்த சீப்பா ரொட்டியைத்தான் தின்போம்.
துறைமுக அலுவலகப் பூட்டின் மேல்
ஓணான் வெயில் காயும்.
அங்கே யார் உட்கார்ந்து எந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள்?

என் விரல் அந்த எண்ணின் மேல்
ஒரு மூச்சு நேரம் நின்றது.
பிறகு அடுத்த வரிக்குப் போனது.
யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்ல
தட்டச்சில் விசை இல்லை என்று
வீடு போய்ச் சேரும்வரை
எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.
பொய்.
வாய் என்று ஒன்று இருந்தது.

விடுதலை.
மூன்று பிரதி. ஒரு பிழை இல்லை.

சனிக்கிழமைப் பத்திரிகையில்
வேறு பெயரில் தொடர்கதை எழுதுகிறேன்,
ஊருக்கே தெரிந்த வேறு பெயர்.
அந்த மாதம் கதைக்குள் ஒரு படகு முதலாளி வந்தான்.
மீசையை மாற்றினேன்.
ஊரை மாற்றினேன்.
வெள்ளைச் சட்டையை விட்டுவைத்தேன்.
பதினான்காம் அத்தியாயத்தில்
அவனே துணி அடைத்து மறைத்த ஓட்டை வழியே
தண்ணீரை உள்ளே விட்டேன்.
முழங்கால். இடுப்பு.
பிறகு சட்டைப் பொத்தான்கள், ஒவ்வொன்றாக.
முழுப் பக்கம் எடுத்துக்கொண்டேன்.
இரக்கமே இல்லாமல் நன்றாக வந்திருந்தது.

கசாப்புக்காரர் எலும்பில்லாத துண்டாக வெட்டித் தந்து
காசு வாங்க மறுத்தார்.
பேருந்தில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.
தோன் ஃபெர்மினும் படித்தாராம்.
முடிவு பிரமாதம் என்றாராம்.
மறுவாரம் புதுப் படகு விட்டார்.

எர்மெலிந்தா வந்தாள்.
மரவள்ளிக்கிழங்கு சுற்றிவந்த காகிதம்
என் பதினான்காம் அத்தியாயம்.
விதால் அவள் கணவன்,
கிடைக்காத மூவரில் ஒருவன்.

‘கதையில் நீ நினைத்ததெல்லாம் நடக்குமா?’
நடக்கும் என்றேன்.
‘யாருக்கு வேண்டுமானாலும்?’
ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
‘அப்புறமும் உனக்கு
அவனை முக்கத்தான் தோன்றியதா?
என் ஆளுக்குச் செருப்பு வார் அறுந்து
படகைத் தவறவிட்டான் என்று எழுத
ஒரு வரி போதாதா?’

கிழங்கை வைத்துவிட்டுப் போனாள்.
காசு தரத் தோன்றவில்லை எனக்கு.

அன்றிரவு இரண்டு தாள் செருகினேன்.
முதல் தாளில் வார் அறுந்தது.
விதால் குனிந்தான்.
படகு போயிற்று.
ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
அதற்குமேல் அவனை எங்கே நடத்திக்கொண்டு போவதென்று
தெரியவில்லை.
ஒற்றைச் செருப்போடு
இன்னும் அங்கேயே நிற்கிறான்.

மேல்முறையீட்டுக்கு நான்கு நாள் பாக்கி.
இரண்டாம் தாளில்
சான்றிதழ் எண்ணை அடித்தேன்.
தேதியை அடித்தேன்.
அது என்ன கிழமை என்று அடித்தேன்.

கீழே பெயர் போடவில்லை.
குதித்த எழுத்துகளைத்
திருத்தவும் இல்லை.