பெயர் மாற்றம்

நடிகைக்குப் பெண் பிறந்த பதினோராம் நாள்
புதுவயல் அரிசி மில்லில்
புழுங்கல் ஆவிக்கு நடுவே செய்தி வந்தது:
குழந்தைக்கு அடைக்காத்தாள் என்று பெயர்.

பில் புத்தகத்தில் என் விரல் நின்றது.
அது என் பெயர்.
அதாவது, இருந்தது.

மும்பைக்காரி. படப்பிடிப்புக்காக
கானாடுகாத்தான் வீடொன்றில் நாற்பது நாள் தங்கினவள்.
யார் யாரைக் கூப்பிட்டதைக் கேட்டாளோ,
எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
ஊர் அதற்குள் உறவு கண்டுபிடித்துவிட்டது:
அவள் பாட்டனுக்குப் பாட்டன் கோட்டையூராம்,
பர்மாவில் லேவாதேவியாம்.
வருஷக் கணக்கு இடிக்கிறதே என்றால்
கணக்கா முக்கியம் என்கிறார் மேலாளர் சாத்தப்பன்,
நெல் எடையில் கால் கிலோவுக்கு
அரை நாள் சண்டை போடுகிறவர்.

வடக்கே செய்தி வாசிக்கிற பெண்
மூன்று தடவை முயன்றாள்.
அடக்கா, அடைகத்தா,
கடைசி 'ள்' மட்டும் வழியில் எங்கோ
சொல்லாமல் இறங்கிக்கொண்டது.
படம் ஓட வைத்த பெயர் என்றார் லாரி டிரைவர்.
கூட்டுத்தொகை எட்டு வருது,
நடுவில் ஒரு 'ஏ' சேர்த்தால் தப்பிக்கலாம் என்றார்
காரைக்குடி எண்கணிதக்காரர்.
செக்காலை ரோட்டு நகைக்கடை வாசலில் இரவோடு இரவாகப் பதாகை:
அடைக்காத்தாள்களுக்குச் செய்கூலி இல்லை.
ஆதார் கொண்டுவரவும்.

நாத்தனார் போன் செய்தாள்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.
அவசரப்பட்டு மாத்திட்டியேடி.

கோயம்புத்தூர் விடுதியில் நான்கு வருஷம்
நான் வெறும் அடை.
அவியல் எங்கேடி, வெண்ணெய் எங்கேடி,
ரெண்டு பக்கமும் வெந்துட்டியாடி.
வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்
பெயரைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டுத்தான்
முதல் கேள்வி கேட்டார்.
இருபத்திரண்டு வயதில் நோட்டரி, இரண்டு சாட்சி,
நாளிதழ் ஓரத்தில் விரற்கடை அளவு விளம்பரம்:
இனிமேல் அதிதி என்றே அழைக்கப்படுவேன்.
அரசிதழ் தபாலில் வந்த அன்று
அப்பச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
முழுதும் படித்தார்.
எழுத்துப்பிழை இல்லை என்றார்.

தேவதைகளுக்குத் தாய் என்று நினைத்து வைத்த பெயர்.
தமிழில் எழுதினால் விருந்தாளி என்றும் படிக்கலாம்
என்று பிறகுதான் தெரிந்தது.
பதிமூன்று வருஷமாக ரேஷன் கார்டிலும்
கரண்டு பில்லிலும்
விருந்தாளியாக இருக்கிறேன்.

தவிட்டுப் பக்கம் கூட்டுகிறவள் அடைக்கி.
என் சம்பளப் பதிவேட்டில் அடைக்காத்தாள்,
ஆறு நாள், கைநாட்டு.
பெரிய நடிகை பிள்ளைக்கு உன் பேரு என்று
மூட்டைக்காரர்கள் கத்தினபோது
முறம் நிற்கவில்லை.
கார்த்திகைப் பிறப்பா,
சளி பிடிச்சுக்கும், தலைக்குத் துணி கட்டச் சொல்லுங்க.
செய்கூலி இல்லையாம் என்றேன்.
அப்ப நகை சும்மாவா?
இல்லை.
அப்புறம் என்ன,
என்று தவிட்டை ஓரம் தள்ளினாள்.

நான்கு மணிக்குக் கரண்டு போனது.
மில் நின்றால் காது கூசும்.
போனில் அந்தப் படம்:
மூடின கை, இன்னும் யாரையும் பார்க்காத கண்.
அறையில் ஆளில்லை.
சொல்லிப் பார்த்தேன்,
முழுசாக, 'ள்' வரைக்கும்,
அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை.

புழுதிக்குள்ளிருந்து குரல்:
கூப்பிட்டீகளா?

இல்லை என்றேன்.
பிறகு, ஆமாம்,
டீ வந்துவிட்டது என்றேன்.
டீ வந்திருக்கவில்லை.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
அவள் வந்துகொண்டிருந்தாள்.