நான்காவது கம்பம்

படம் சுத்தம் என்றார்கள்.
இரத்தம் சுத்தம், எலும்பு சுத்தம்,
நரம்பில் ஓடும் மின்சாரமும் ஒழுங்கு.
சிரித்தபடிதான் சொன்னார் மருத்துவர்.
ரோசாவ்ரா அழுதாள்.
பதினொரு வயதில்
பொய்க்காரியாக வீடு திரும்புவது எப்படியென்று
அன்று எனக்குத் தெரியவில்லை.

குற்றம் என்னுடையதும்தான்.
நண்டு ஆலையில் ஒன்பது மணி நேரம்
பனிநீரில் கைவிட்டு நிற்பவள் நான்.
"வலின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
கேட்ட வாய் இன்னும் கசக்கிறது.

காலுறை ஆகாது. போர்வை ஆகாது.
காற்றுகூடப் படக் கூடாது அந்த இடது பாதத்தில்.
உலகத்தின் கடைக்கோடி இந்தப் புந்தா அரேனாசில்
காற்றுக்கு ஒளிந்து எங்கே போவது?

பயிற்சியாளர் டானிட்சா சொன்னாள்:
"வலி மெய். சுளுக்கு ஆறிவிட்டதும் மெய்.
திருடன் போய்விட்டான்,
காவல் நாய்தான் குரைக்கிறது இன்னும்."
"நாயென்றால் எனக்குப் பிடிக்குமே,
இது நாயில்லை" என்றாள் மகள்.
டானிட்சா தன் நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
அவளை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் பஞ்சு, இரண்டு நிமிடம்.
பிறகு பட்டு, துவாலை,
என் பழைய கம்பளிச் சட்டையின் கை.
எண்ணுவது அவள். நிறுத்துவதும் அவள்.
எனக்கும் ஒரு பயிற்சி உண்டு:
விடிந்ததும் "வலிக்கிறதா" எனக் கேட்கக் கூடாது.
முதல் வாரம் அந்தக் கேள்வி
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
பிறகு வேறு கேள்விகள் கிடைத்தன.
காற்று நேற்று யார் தொப்பியைக் கொண்டுபோனது?

வசந்தத்தில் எங்கள் தெருவில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்களைக் காற்று சாய்த்துவிடாதிருக்க.
காற்றைப் படமெடுத்துக் காட்டு என்று
யாரும் யாரையும் கேட்டதில்லை.
பிடித்துக்கொள் என்பார்கள், அவ்வளவுதான்.

நேற்று அதைப் பிடித்து நடந்தோம்.
அவள் இடது காலில் அந்தக் கம்பளிக் கை,
அதன் மேல் அப்பாவின் பெரிய பூட்ஸ்.
நான்காவது கம்பத்தில் நின்றுவிட்டாள்.
ரொட்டிக்கடை ஐந்தாவதில்; வாசனை வருகிறது.
"இன்னும் ஒன்றுதானே" என்று இழுத்தேன்.
"இன்றைக்குக் கணக்கு நான்கு, அம்மா.
நல்லா இருக்கேன்னு ஐந்து போனால்
நாளைக்கு ஒன்றும் கிடையாது."

நான் மட்டும் போனேன்.
கடை வாசலில் திரும்பிப் பார்த்தேன்.
முடி முழுக்க முகத்தில்,
இரு கையாலும் கயிற்றைப் பற்றி
என்னிடம் எதையோ கத்தினாள்.
காற்றில் கேட்கவில்லை.
"சூடா" என்றிருக்கலாம்.