ஒன்பது மணிக்குள்

விற்பனைப் பையன் சுவர்களைத் தட்டிக் காட்டினான்.
நான் கேட்டது ஒன்றுதான்:
அந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது?
அவன் முழங்காலைத் தொட்டான்.
அவன் முதுகுக்குப் பின்னால் வாட்ச்மேன்
இடுப்பைத் தொட்டார்.
இரண்டாம் மாடி எடுத்துக்கொண்டேன்.

பெரும்பாக்கம்.
ஜன்னலைத் திறந்தால் சதுப்புநிலத்தின் ஓரம்.
காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம்.
மறுபடி திரும்பினால் கூழைக்கடாக்கள்,
கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஃபைல்கள் மாதிரி
அசையாமல்.

போரூரில் மகளுக்கு மூன்று படுக்கையறை.
"உனக்குன்னு ஒரு ரூம் இருக்கும்மா" என்றாள்.
இருக்கிறது.
அதில் ஓடாத எக்சர்சைஸ் சைக்கிள்,
சைக்கிள்மேல் இஸ்திரிக்குப் போகாத துணி,
துணிக்கு நடுவே நான்.
ஐந்து மாதம் இருந்து பார்த்தேன்.
யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.
டீ போட அடுப்படிக்குப் போனால்
மூன்று பேர் எழுந்து வருவார்கள்,
"நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க."
உட்கார்ந்து உட்கார்ந்து
நாற்காலியாகவே ஆகிவிடுவேனோ என்றுதான்
கிளம்பினேன்.

இங்கே குளியலறைச் சுவரில் பிடிகம்பி.
தரையில் சொரசொரப்பு.
எந்தக் கதவுக்கும் வாசற்படி கிடையாது,
சக்கர நாற்காலி தடுக்கக் கூடாதாம்.
அது வரும்போது வரட்டும்.
கமோடு பக்கத்தில் சிவப்புக் கயிறு,
இழுத்தால் ஆள் வரும்.
கட்டிலருகே பச்சைப் பொத்தான்.
தினமும் காலை ஒன்பதுக்குள் அழுத்த வேண்டும்.
அழுத்தினால், இருக்கிறேன் என்று அர்த்தம்.
அழுத்தாவிட்டால்
மாற்றுச் சாவியோடு மகிமை.

முப்பத்துமூன்று வருஷம்
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து
"நம்பர் ப்ளீஸ்" சொன்னவள் நான்.
திருச்சியை மதுரையோடு,
பிரசவத்தைத் தகப்பனோடு,
சாவைத் தம்பியோடு
சேர்த்துவைத்த கை இது.
இப்போது என் லைனில்
நானே கூப்பிட்டு நானே சொல்ல வேண்டியது
ஒரே தகவல்.

மார்கழியில் ஒருநாள் வேண்டுமென்றே
அழுத்தவில்லை.
மணி ஒன்பது. ஒன்பது இரண்டு.
கண்மூடிப் படுத்தேன்.
சேலை மடிப்பை மட்டும் சரிசெய்துகொண்டேன்,
எப்படியும் நாலு பேர் பார்ப்பார்கள்.
ஒன்பது ஐந்துக்குக் கதவு அதிர்ந்தது.

மகிமை இல்லை.
எதிர் ஃப்ளாட் ஞானசிகாமணி,
ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர்.
ஒரு கன்னம் சவரம் முடிந்து,
மறு கன்னத்தில் நுரை.
"பேப்பர் இன்னும் வாசல்லயே கிடக்கு" என்றார்.
"சும்மாதான்" என்றேன்.
"சும்மான்னா?"
"பொத்தான் வேலை செய்யுதான்னு பார்த்தேன்."
அவர் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.
துறைமுகத்து வார்த்தை.
நுரை சொட்டச் சொட்டச் சொன்னார்.
என்னை யாரும் அவ்வளவு உரிமையாகத் திட்டி
எத்தனையோ காலம் ஆயிற்று.

மகிமை ஒன்பது பதினொன்றுக்கு வந்தாள்,
லிஃப்ட் ரிப்பேராம், மூச்சிரைக்க.
நோட்டை நீட்டினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
அவளே "மறதி" என்று எழுதியிருந்தாள்.
அடித்துவிட்டு எழுதினேன்:
"சோதனை".

மாசம் இருபத்தெட்டாயிரம்.
பென்ஷனில் முக்கால் இங்கேயே கரைகிறது என்று
ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள்
கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்.
கணக்கு சரிதான்.

இப்போதெல்லாம் ஆறரைக்கு எழுந்து
என் அடுப்பில் என் டீ,
சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடவே.
எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பொத்தான்.
பேப்பரை மட்டும் வாசலில்
கொஞ்சநேரம்
விட்டுவைக்கிறேன்.